ஐஸ் பெட்டிக்கு மேல் எடுத்த படங்கள்

இப்போது வருகிற கேமராக்களில் கை நடுக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறதாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து எடுத்தாலும் படம் ஆடாதாம். எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இதைப் போட்டுவிட்டு, "பெரியவங்கள்லாம் இது இல்லாம எப்படித்தான் எடுத்தீங்களோ சார்" என்று கீழே ஒரு கும்பிடும் போட்டிருந்தார். அது மரியாதையா நக்கலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரோஷத்தில், எப்படி எடுத்தோம் என்று நானே எழுதுகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான், வேலாயுதத்தைப் பற்றி எழுதாமல் அதை எழுத முடியாது என்பது உறைத்தது. அவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்திக்குங்க" என்றார்கள். மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான். எனக்கும் உள்ளே வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். கிடைக்கவில்லை. மெயின் பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கேயே போட்டோகிராபர் ஆகி, போன வருஷம் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆகும்வரை அங்கேயேதான் குப்பை கொட்டினேன்.

ஸ்டுடியோ முதலாளி பெர்னார்ட் சார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் கழுவிக் கொண்டுவந்த பிரிண்டைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அதைக் கவிழ்த்து மேஜை மேல் நம் பக்கமாகத் தள்ளுவார். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவர் டீ குடிக்கப் போவதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஃபிளாஷ் அவருக்கு ஆகவே ஆகாது. "மூஞ்சில சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு எதுக்கு தம்பி போட்டோகிராபர்?" என்பார். அவருடைய ஆயுதம் ஒரே ஒரு லென்ஸ்தான். ஐம்பது எம்.எம்., ஒன் பாயின்ட் ஃபோர். அதில் ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே நடந்து போக வேண்டும். ஆனால் ஒரு குத்துவிளக்கு எரிந்தால் போதும், அந்த வெளிச்சத்திலேயே படம் எடுத்துவிடலாம். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தால் கண் இமை தெளிவாக விழும்போதே காது மங்கிப் போயிருக்கும். எடுக்கிறவர் ஒரு மூச்சு விட்டால்கூட உடம்பு ஒரு நெல்லளவு பின்னே போகும், கண்ணில் வைத்த போகஸ் மூக்குக்குத் தாவிவிடும்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது என்னை ஸ்டுடியோ மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியும். எதிலும் சாயாமல், ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும்படி வைத்து, கையில் பிடித்தபடியே அந்த விளக்குகளை எடுக்கச் சொல்வார். கை நின்றால் விளக்கு புள்ளியாக விழும். நடுங்கினால் புள்ளிக்கு வால் முளைக்கும். மறுநாள் அந்த வாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்.

"கீழ இழுத்திருக்கு. விரலால குத்துறே." "பக்கவாட்டுல போயிருக்கு. ஒத்தக் கால்ல நிக்கறே." "சுத்திச் சுத்தி வந்திருக்கு. மத்தியானம் சாப்பிடலையா?"

அன்றைக்கு நான் நிஜமாகவே சாப்பிடவில்லை. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் முடியாது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் முன்னால் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சொல்லித்தந்த முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை அகட்டி நில். முழங்கைகளை விலாவோடு ஒட்டு. லென்ஸை இடது உள்ளங்கையில் தாங்கு, விரலால் கவ்வாதே. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, பாதியை விட்டுவிட்டு மீதி உள்ளே இருக்கும்போது நிறுத்து. ஷட்டரைத் தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி அழுத்து. எப்போதும் மூன்றாக எடு. முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்ச்சி இருக்கும், மூன்றாவதில் அப்பாடா முடிந்தது என்று உடம்பு தளர்ந்திருக்கும். நடுப்படம்தான் உன் படம், மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. ஃபிலிம் காலத்தில் ஒன்றுக்கு மூன்றா என்று மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

படம் மங்கினால் ஏன் மங்கியது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த படம் எடுக்கக்கூடாது, அதுவும் அவர் சட்டம். கை ஆடியிருந்தால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். போகஸ் தவறியிருந்தால் கண் மங்கி, மூக்கோ காதோ தெளிவாக இருக்கும். எதிரில் இருப்பவர் அசைந்திருந்தால் அவர் மட்டும் கலைந்திருப்பார், பின்னால் இருக்கும் சுவர் சுவராகவே நிற்கும். இது மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியாதவனுக்கு அவர் லென்ஸைத் தொடவே கொடுக்க மாட்டார்.

கல்யாணம் காதுகுத்தெல்லாம் எல்லாரும்தான் எடுத்தார்கள். எங்கள் ஸ்டுடியோவுக்குப் பேர் வந்தது சாவு வீட்டுப் படங்களால்தான். இருட்டான கூடத்தில் உடலை நாற்காலியில் உட்கார்த்தி, குடும்பம் சுற்றி நிற்க, ஃபிளாஷ் போடாமல் எடுப்போம். மெதுவான ஷட்டரில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கலைந்துதான் விழுவார்கள். விம்முவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், சும்மா நின்றாலும் மூச்சு விடுவார்கள். நடுவில் இருக்கிறவர் மட்டும் ஒவ்வொரு முடியும் எண்ணுகிற மாதிரி தெளிவாக இருப்பார். இருட்டறையில் மருந்துத் தட்டுக்குள் தாளைப் போட்டு ஆட்டினால், கலங்கலான கூட்டத்துக்கு நடுவே அந்த முகம் மட்டும் நம்மைத் தேடி எழுந்து வருவது போல இருக்கும். சேர்ந்த புதிதில் நான் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆட்டுவேன்.

அதைவிடக் கொடுமை கண் வைப்பது. பல பேருக்கு உயிரோடு இருக்கும்போது எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இருக்காது. மைன்ஸ் கேட் பாஸில் ஒட்டிய சின்னப் படம்தான் இருக்கும், அதைப் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். ஆகவே மூடிய கண்ணோடு எடுத்துவந்து, கண் திறந்திருப்பது போலச் செய்து, மாலை போட்டு மாட்டக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னொருவர் கண் வேண்டும். செத்தவரின் மகனையோ தம்பியையோ ஸ்டுடியோவில் நிறுத்தி அவர் கண்ணை மட்டும் படம் எடுத்துக்கொள்வார் சார். "ரத்த சொந்தத்துக் கண்ணு இருந்தாத்தான் ஒட்டும் தம்பி" என்பார். அவர் பிளேடும் பிரஷ்ஷும் வைத்துச் செய்தார். பின்னால் நான் கம்ப்யூட்டரில் செய்தேன். இமையின் விளிம்பு தெளிவாக விழாவிட்டால் வைத்த கண் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் தெளிவு தெளிவு என்று உயிரை விட்டோம்.

நான் சொல்ல வந்தது சார் காலமாகி, ஸ்டுடியோ அவர் மகள் கைக்குப் போய், டிஜிட்டல் கேமரா வந்த பிறகு நடந்தது.

ஐப்பசி மழை. முற்பகலிலேயே கடைகளில் விளக்கு எரிந்தது. சேத்தியாத்தோப்பு போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமத்திலிருந்து ராமலிங்கம் என்று ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து பைக்கில் வந்து இறங்கினார். அவர் அண்ணன் வேலாயுதம், மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

"குடிச்சிட்டு வெளித் தாவாரத்துல தரையில படுத்துகினு இருந்தாரு சார். காலைல அண்ணி எழுப்பறாங்க, எழுந்துக்கல. நெஞ்சு வலியா இருக்கும்ன்றாங்க. நாடி பாக்கறவரு வந்து பாத்துட்டு, பூட்டாருன்னு சொல்லிட்டாரு. பையன் துபாய்லேர்ந்து வரணும். ஐஸ் பெட்டி வந்துடுச்சி. எங்கண்ணனுக்கு நல்ல போட்டோ ஒண்ணு கூட இல்ல சார்."

"கண் வைக்கணுமா?"

"வெக்கணுங்க சார். பையன் வந்தா அவன பாக்கற மாதிரி இருக்கணும்."

துண்டு கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொன்னேன். ராமலிங்கத்தின் கண்களை அங்கேயே எடுத்து வைத்துக்கொண்டு, அவர் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன்.

வீடு தாழ்வான ஓட்டு வீடு. கூடத்தின் நடுவில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி, அதன் மோட்டார் இரைச்சல், தலைமாட்டில் ஒரு விளக்கு. அவரை உள்ளே வைத்து அதிக நேரம் ஆகவில்லை. சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் குந்தியிருந்த மனைவி அஞ்சலை மட்டும் அழவில்லை. அழுது ஓய்ந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடி மேல் ஃபிளாஷ் அடித்தால் முகம் இருக்கிற இடத்தில் வெறும் வெளிச்சம்தான் விழும். ஃபிளாஷ் இல்லாவிட்டாலும் ஜன்னல் அதில் தெரிந்தது. ஒரு கறுப்புக் குடை கேட்டேன். அதை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தால் அந்தப் பிம்பம் மறையும். "சாவு வூட்டுக்குள்ள கொடய விரிக்கறானே" என்று முணுமுணுத்த பங்காளி ஒருவர் கையிலேயே குடையைக் கொடுத்தேன். பெட்டிக்கு மேல் குனிய வேண்டும், ஆனால் அதன் மேல் கை ஊன்ற முடியாது. ஊன்றினால் மோட்டார் அதிர்வு கை வழியாகக் கேமராவுக்கு ஏறிவிடும். ராமலிங்கம் பின்னால் நின்று என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. "ஒரு ரெண்டு நிமிஷம் மோட்டார நிறுத்திடுங்க" என்றேன். ஸ்விட்ச் வெளியே இருந்தது, அவர் போனார். நிழல் விழுகிறது, கொஞ்சம் தாவாரத்துக்குப் போங்கம்மா என்று பெண்களையும் அனுப்பினேன். பங்காளி குடையோடு வாசற்படியில் நின்று அவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலை மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பெட்டியோடு பேசுவது சாவு வீட்டில் சகஜம். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்க நினைக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்து மோட்டார் சட்டென்று நின்றது.

"...இனிமேலாவது நான் தூங்குவன்யா. நீ எப்ப கதவ ஒதைப்பன்னு பாத்துகினு கெடக்க வாணாம்."

அந்த அமைதியில் அது பெரிய சத்தமாகக் கேட்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காதில் விழாத மாதிரி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராமலிங்கம் வந்து பெல்ட்டைப் பிடித்தார். குடை மேலே வந்தது. பழக்க தோஷம், "யாரும் அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று குரல் கொடுத்தேன். குனிந்து, பாதி மூச்சை விட்டு, இமையில் போகஸ் வைத்து, நிதானமாக இடைவெளி விட்டு மூன்று எடுத்தேன்.

பார்த்தேன். நடுப்படம் அருமையாக விழுந்திருந்தது. அதோடு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியவன்தான். பட்டனில் விரல் தவறிப்பட்டு முதல் படம் வந்துவிட்டது. அதில் மீசைக்கு மேல் ஒரு வெளுப்பு. தண்ணீரில் பால் சிந்தின மாதிரி. மூன்றாவதைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. நடுவில் மட்டும் இல்லை.

கை ஆடியிருந்தால் இமையும் ஆடியிருக்க வேண்டும். மூன்றிலும் இமை அப்படியே இருந்தது. போகஸும் தவறவில்லை. மழை ஈரத்துக்குக் கண்ணாடி வெளியே வியர்த்திருக்கும் என்று துண்டை வாங்கி அழுத்தித் துடைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். என் மூச்சுதான் கண்ணாடியில் படுகிறதோ என்று கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் மூன்று எடுத்தேன். இந்தத் தடவை முதலும் கடைசியும் சுத்தம். நடுப்படத்தில் வெளுப்பு.

மிச்சம் இருந்தது ஒரே காரணம்தான். எதிரில் இருப்பவர்.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறத்தில், மூக்குக்கு நேர் மேலே, ஒரு நாணயம் அளவுக்குப் பனி படர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கிக் காணாமல் போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு நெஞ்சு முட்டியது. அப்போதும் வரவில்லை. செத்துத்தான் போயிருக்கிறார், நமக்குத்தான் பைத்தியம் என்று நான் மூச்சை விடப்போகும்போது, அந்த வட்டம் மெல்ல, ரொம்ப மெல்ல, மறுபடியும் விரிந்தது.

சாவு வீட்டில் நின்றுகொண்டு செத்தவர் சாகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? நான் சொன்னது தப்பாகிப் போனால் தர்ம அடி விழும், விழவும் வேண்டும். ஒரு குடும்பத்தை ஒரே நாளில் இரண்டு தடவை சாகடித்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் ராமலிங்கம் வெளியே போய் மோட்டாரைப் போட்டுவிடுவார்.

"பெட்டிய திறங்க" என்றேன்.

"இன்னா சார்?" என்றார் ராமலிங்கம்.

"திறங்கய்யா முதல்ல. உள்ள மூச்சு வருது."

"இன்னா சார் வெளாடறீங்களா? எந்த எடத்துல வந்து..." அவர் கை என் பெல்ட்டிலிருந்து என் சட்டைக் காலருக்கு வந்துவிட்டது. நான் கேமராத் திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, படங்களை முன்னும் பின்னும் தட்டிக் காட்டினேன். வெளுப்பு வந்தது, போனது, வந்தது. அவருக்குப் புரியவில்லை. பங்காளி குடையைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார். தாவாரத்திலிருந்து ஒரு பெண் அலறினாள்.

அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயமா, ஆசையா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அவரே எழுந்து, பெட்டியின் இரண்டு கொக்கிகளையும் தட்டிவிட்டு, மூடியைத் தூக்கினார்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஓட்டம்தான். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், பெரிய ஆஸ்பத்திரி. காதுக்குப் பின்னால் ஊசி குத்தினது போல இரண்டு புள்ளிகள் இருந்ததை நர்ஸ் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கட்டுவிரியன். தரையில் படுத்திருந்தவரை ராத்திரி கடித்துவிட்டுப் போயிருக்கிறது. மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் எங்களிடம் விளக்கினார். இந்தக் கடி பெரிதாக வலிக்காது. விஷம் ஏறினால் உடம்பில் ஒரு தசையும் அசையாது, இமையைக்கூடத் திறக்க முடியாது, மூச்சு இழை மாதிரி ஓடும். பார்க்கிறவர்களுக்குப் பிணம்தான். "ஆனா நிறைய பேருக்கு நினைவு தப்பாது. பக்கத்துல பேசறதெல்லாம் காதுல விழுந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

ராமலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அஞ்சலை சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷ அதிர்ச்சி என்று எல்லாரும் தண்ணீர் கொடுத்தார்கள். எதற்கு அந்த அதிர்ச்சி என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

செய்தி வடலூர் தாண்டிப் பரவிவிட்டது. அதற்கப்புறம் எந்த ஊரில் சாவு விழுந்தாலும், "போட்டோ வாணாம் சார், சும்மா ஒரு தடவ கேமரா வெச்சி பாத்துட்டுப் போயிடுங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? போனேன். கண்ணாடி மேல் குனிந்து காத்திருப்பேன். சுற்றி நிற்கிறவர்கள் கண்ணெல்லாம் என் முகத்திலேயே இருக்கும். கண்ணாடி ஒரு தடவைகூட வெளுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து இல்லை என்று தலையாட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிடுவேன்.

அஞ்சலை ஒரு மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தார். வேலாயுதத்துக்கு மெஷினை எடுத்துவிட்டார்கள், தேறிக்கொண்டு வந்தார், ஆனால் பேச்சு இன்னும் வரவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அன்னிக்கி நான் பேசனது உங்க காதுல வுழுந்துச்சி இல்ல சார்?"

பொய் சொல்ல வரவில்லை. "விழுந்ததும்மா" என்றேன்.

"அப்ப அவுரு காதுலயும் வுழுந்திருக்கும்." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாத நாள்லயே அந்த ஒத வாங்குவன் சார். இப்ப வூட்டுக்கு வந்தாருன்னா என்ன உயிரோட வுடுவாரா?"

நான் காப்பாற்றினேன் காப்பாற்றினேன் என்று ஊரே மாலை போடாத குறையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. இந்த அம்மாவின் தூக்கத்தை நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று யாருக்கும் தெரியாது. கேட்கக்கூடாததைக் கேட்டேன்: "ஏம்மா, பெட்டிய நீங்கதான திறந்தீங்க?"

"மூச்சு வுட்டுகினு இருக்கறவர எப்பிடி சார் அப்பிடியே வுட்டுட்டு நிக்கறது?" என்றார். என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு வேண்டியதுதான்.

தை பிறந்த பிறகு வேலாயுதமே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் குரல் கரகரத்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகிறது என்றார். என்னைப் பெரிதாகக் கும்பிடவெல்லாம் இல்லை. "அந்தப் போட்டோவ பாக்கணும் சார்" என்றார். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். தன் செத்த முகத்தை அவர் பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"காலைலேர்ந்து ஆளாளுக்கு எழுந்துக்கோ எழுந்துக்கோன்னு அழுதாங்க. என்னால முடியல. நீங்க ஒருத்தர்தான் வந்து அசையாதீங்கன்னு சொன்னீங்க. அது ஒண்ணுதான் சார் என்னால முடிஞ்சிது" என்றார். சிரிக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எல்லாம் கேட்டுச்சா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். "அஞ்சல சொன்னதும் கேட்டுச்சி. நீங்க கூட இருந்தீங்கல்ல." பிறகு, "எனக்கு ஒண்ணுமே கேக்கல, மயக்கமா கெடந்தன்னு அவகிட்ட சொல்லிட்டன். நம்ப மாட்டறா. நீங்க சொல்லுங்க சார். டாக்டரு கிட்ட கேட்டன், இவருக்கு நெனவே இல்லன்னு சொன்னாருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அவங்கள நம்ப வெச்சிட்டு, நீ மனசுல வெச்சிக்கிட்டு என்னைக்காவது குடிச்சிட்டு வந்து கணக்குத் தீர்க்கறதுக்கா? அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாத. திறந்தது அவங்கதான், அதாவது தெரியுமா உனக்கு?"

அவ்வளவு நேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவன் ஒருமைக்கு இறங்கிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தெரியும் சார். கொக்கி தொறக்கற சத்தம் கேட்டுச்சி, அவ வளையல் சத்தமும் கேட்டுச்சி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள கெடந்தப்ப பயம் சார். அப்பிடி ஒரு பயம். கத்த முடியல, நவர முடியல. எவனாவது வந்து இன்னா பண்ணுவானோன்னு காத தீட்டிகினு கெடந்தன். அப்பதான் அவ சொல்றா, ராத்திரியெல்லாம் பாத்துகினு கெடப்பன்னு. இத்தினி வருசமா இப்பிடியாடி கெடந்தன்னு கேக்கணும் போல இருந்துச்சி. வாயத் தொறக்க முடியலயே."

அவர் அழுதார். நான் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டேன்.

பொய்யைச் சொன்னேன். அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதாகவே சொன்னேன். அஞ்சலை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை, கை கால் அசையாமல் நிற்பதுதானே என் தொழில். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார். நம்பினாரா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேலையை விட்ட பிறகு, வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் வேலாயுதத்தைப் பார்த்தேன். இப்போது நெல்லிக்குப்பத்தில் ஒரு குடோனில் காவல் வேலையாம், பகல் ஷிஃப்ட். குடி இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். மழை, பையன், என் கண் ஆபரேஷன் என்று என்னென்னவோ பேசினோம். அவருடைய பஸ் வந்து நின்றது. மனசு கேட்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"வீட்ல தூங்கறாங்களா?"

நான் யாரைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்தது.

"தூங்கறா சார். மொதல்ல கொஞ்ச நாளு கதவ பாத்துகினேதான் படுத்திருந்தா. இப்ப நல்லா அசந்து தூங்கறா." படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார். "எனக்குத்தான் கண்ண மூடனா அந்த மோட்டார் சத்தம் கேக்குது. அவ மூச்சு வுடறத கேட்டுகினு விடிய விடிய கெடப்பன்."